அது மஞ்சள்தான், டாக்டர்

ஓய்வு பெற்றவர்களுக்குக் கனவில் என்னென்னவோ வருகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் தபால்காரர். நாய் துரத்துவதாகக் கனவு கண்டு போன வருஷம் கட்டிலிலிருந்து விழுந்தார். எனக்கு வருவது மூச்சு. யாருடைய மூச்சு என்று தெரியாது, முகம் இருக்காது. உள்ளே போகிறது, கொஞ்சம் நிற்கிறது, வெளியே வருகிறது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஈப்போவில், என் புந்தோங் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தால் போதும். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் வெயிலில் கரைய ஆரம்பிக்கும், நானும் எண்ண ஆரம்பித்துவிடுவேன். தூக்கத்தில் நான் வாய்விட்டு எண்ணுவதைக் கேட்ட தபால்காரர் என் மனைவியிடம் வந்து, “அண்ணனுக்கு கனவுல நம்பர் வருது போல. நாலு நம்பரா சேந்து வந்தா சொல்லச் சொல்லுங்க, லாட்டரி எடுக்கலாம்” என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

நான் மருத்துவ உதவியாளனாக இருந்தவன். தோட்டத்து ஜனங்கள் இன்னமும் ‘டிரசர்’ என்றுதான் சொல்வார்கள். டாக்டருக்குக் கீழே, தாதிக்குப் பக்கத்தில், ஆம்புலன்சுக்கு உள்ளே: இதுதான் எங்கள் நிரந்தர முகவரி. மூன்று வருஷப் பயிற்சியை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன். முதல் ஊசி போட்டபோது நோயாளி தைரியமாக உட்கார்ந்திருக்க நான் மயங்கி விழுந்தேன். அதன் பிறகு ஆசிரியர்கள் யாரும் என் பெயரை மறக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். விருப்பம் என் முதுகெலும்பினுடையது.

போன மாதம் பிரான்சிஸ் வந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இன்னும் சேவையில் இருக்கிறான், பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பு. கையில் ஒரு தாள் வைத்திருந்தான். ‘ஏழை நாடுகளில் தீவிர சிகிச்சை நோயாளிகள் உயிர் பிழைப்பதைப் பாதிக்கும் காரணிகள்’ என்று தலைப்பு.

“இருபது நிமிஷம் பேசு மச்சான். போதும்லா.”

“நாம ஏழை நாடாடா?”

“நாடு இல்ல, மாவட்டம். ஈப்போவுல எல்லாம் இருக்கு. சுங்காய் மாதிரி சின்ன ஊர்ல என்ன இருக்கு?”

“நல்ல மீன் கறி இருக்கு.”

“அதப் பேசாத. புதுப் பிள்ளைங்க கட்டிலப் பாக்குறதே இல்ல மச்சான். பக்கத்துல ஒரு திரை வச்சிட்டாங்க. நாடி, மூச்சு, மூத்திரம், எல்லாத்தையும் அதுவே எழுதிக்குது. இதுங்க திரையப் பாத்துட்டு திரைக்கு மருந்து குடுக்குதுங்க. நீ வந்து பழைய கதை ஏதாவது சொல்லு.”

மேடையில் ஏறினால் என் நாடியை இன்னொருவர் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். அவன் தந்த தாளில் காரணிகளை வரிசையாகப் போட்டிருந்தான். தூரம், தாமதம், கட்டில் பற்றாக்குறை, கருவி பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை, கை கழுவாததால் பரவும் கிருமி. எல்லாம் நியாயமானவை. ஒன்றைத்தான் விட்டுவிட்டான். ஒரு நோயாளியைப் பொறுத்தவரை அந்தக் காரணி நான்.

பேராக் மாநிலத்தின் தெற்கில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சின்ன மாவட்ட மருத்துவமனையில் அப்போது வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு என்று தனியாக ஒன்று கிடையாது. அவசரப் பிரிவின் கோடியில் இரண்டு கட்டில், ஒரு வென்டிலேட்டர், ஒரு பச்சைத் திரைச்சீலை. திரைச்சீலையை இழுத்துவிட்டால் அது தீவிர சிகிச்சை, விலக்கிவிட்டால் சாதாரணம். அங்கே வருகிறவர்களை ஈப்போவில் கட்டில் கிடைக்கும்வரை உயிரோடு வைத்திருப்பது எங்கள் வேலை.

அந்த மூலைக்கு அதிகாரி சிஸ்டர் ரொக்கையா. குள்ளமான மலாய் அம்மா, ஓசைப்படாமல் நடப்பார். அவர் கட்டிலருகே வந்தால் முதலில் ஒன்றும் செய்யமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் கால்மாட்டில் நின்று, ஒரு முழு நிமிஷம் பார்ப்பார். மீன் தொட்டியைப் பார்ப்பது போல இருக்கும். நாங்கள் ஓடியாடி எதையாவது சரிசெய்துகொண்டிருப்போம், அவர் அசையமாட்டார். பிறகு ஒரே ஒரு சொல் வரும்: “பெராப்பா?” எவ்வளவு என்று அர்த்தம். என்ன எவ்வளவு என்று சொல்லமாட்டார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர், ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, கடைசியாகப் புரட்டிப் படுக்கவைத்து எத்தனை நேரம் என்று அதை நாமே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சுமார், ஏறக்குறைய, போதுமான அளவு என்றெல்லாம் பதில் சொன்னால் திட்டமாட்டார். அதே சொல்லை அதே குரலில் இன்னொரு தடவை சொல்வார். அதற்குத் திட்டிவிடலாம்.

நோயாளியைத் தொடப் போகிறவர்கள் முதலில் அவரிடம் கையை நீட்ட வேண்டும். குனிந்து முகர்ந்து பார்ப்பார். சோப்பு வாசம் வந்தால் போகலாம். ஒரு தடவை பெரிய டாக்டர் ஒருவர் ஈப்போவிலிருந்து பார்வையிட வந்து நேராகக் கட்டிலுக்குப் போனார். சிஸ்டர் அவர் முன்னால் போய் நின்று, மருதாணி பார்க்கிற மாதிரி அவர் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, குழாயைக் காட்டினார். டாக்டர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

குழாய் போட்ட நோயாளிகளின் தலைப்பக்கத்தை முப்பது டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போய்விடும். எங்கள் கட்டிலில் அளவு காட்டும் முள் உடைந்துபோயிருந்தது. சிஸ்டர் பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கோணமானி ஒன்றைக் கட்டில் கம்பியில் ஒட்டி, நூலில் ஒரு திருகாணியைக் கட்டித் தொங்கவிட்டார். கணக்குப் பாடத்தில் நான் வாழ்நாள் முழுக்கத் தேடிய பயன் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

இனி என் விஷயம். அந்த மருத்துவமனையில் தமிழ் தெரிந்த உதவியாளன் நான் ஒருவன்தான். அதனால் என்னை அறியாமலே எனக்கு இன்னொரு பதவியும் வந்துவிட்டது: தமிழர் விவகார ஆலோசகர். பாட்டி ஏன் சோறு சாப்பிட மறுக்கிறார், இந்தக் கயிறு என்ன, நெற்றியில் உள்ளது காயமா குங்குமமா என்று டாக்டர்கள் என்னைக் கேட்பார்கள். நானும் கொஞ்சம் புத்தகம் படித்தவன். கேட்டது ஒன்றென்றால் ஒன்பது சொல்வேன். விளக்கம் சொல்லும்போது மனிதனுக்கு ஒரு சுகம் வரும், இலேசாகத் தரையிலிருந்து கால் எழும்பினாற்போல. அந்தச் சுகத்துக்கு நான் அடிமை.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை செல்வி என்கிற பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மஞ்சள் சேலை, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பு இல்லை. பால்குடத்துக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டு வலி. கண் சிவந்திருந்தது.

டாக்டர் ஹஸிக் புதியவர், நல்லவர், எல்லோரையும் ‘பாங்’, அதாவது அண்ணன், என்று அழைப்பவர். செல்வியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்: “பாங், இவங்க குனிங்கா தெரியுறாங்களா?”

குனிங் என்றால் மஞ்சள் நிறம். காமாலை இருக்கிறதா என்று கேட்கிறார். நான் சிரித்தேன். “குனிங் இல்ல டாக்டர், குஞ்ஞிட்” என்றேன். குஞ்ஞிட் என்றால் பூசுகிற மஞ்சள்.

மலாய்க்காரர்களுக்கு இரண்டுக்கும் இரண்டு சொல் இருக்கிறது. நமக்கு இரண்டுமே மஞ்சள்தான். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் நின்றுகொண்டு நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். எங்கள் பெண்கள் விரத காலத்தில் காலையும் மாலையும் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள், அது கிருமிநாசினி, மங்கலம், தோலுக்கும் நல்லது. கண் சிவப்பா, அது சாம்பிராணிப் புகை. கால் வலியா, விரதக்காரர்கள் செருப்புப் போடமாட்டார்கள், இவர் தோட்ட வேலையிலும் வெறுங்காலோடுதான் நடப்பார், வலிக்காமல் என்ன செய்யும். எல்லாவற்றுக்கும் என்னிடம் பண்பாட்டு விளக்கம் இருந்தது. டாக்டர் ஹஸிக் மரியாதையாகத் தலையாட்டினார். அட்டையில் ‘மஞ்சள் காமாலை: இல்லை’ என்று எழுதினார். காய்ச்சல் மாத்திரை, நிறையத் தண்ணீர், குறையாவிட்டால் திரும்பி வரவும்.

செல்வி எழுந்து கும்பிட்டார். “வாரேண்ணே” என்றார். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் கணவர் முருகையா அவரைத் தோட்டத்து லாரியின் முன்பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். செல்வி உட்கார்ந்தபடியே மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் இளஞ்சிவப்பு நுரை.

“டிரசரண்ணே, நேத்திலேர்ந்து மூத்திரமே போகல. இருமுனா ரத்தமா வருது. என்னென்னு பாருங்கண்ணே.”

“எப்பலேர்ந்து மூச்சு வாங்குது?”

“காலையில. கோயிலுக்குப் போலாமான்னு கேட்டுச்சு. எந்திரிக்கப் பாத்துச்சு, முடியல.”

கட்டிலில் கிடத்தினோம். சிஸ்டர் ரொக்கையா கால்மாட்டில் நிற்கவில்லை. நேராகத் தலைமாட்டுக்கு வந்து, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தார். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் விழுந்தது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசுவதில்லை.

“குனிங்” என்றார் சிஸ்டர். பிறகு, “பெராப்பா ஹாரி?” எத்தனை நாள்?

டாக்டர் ஹஸிக் வியாழக்கிழமை அட்டையை எடுத்தார். “ரெண்டு நாளைக்கு முன்னாடி இல்ல, சிஸ்டர். எழுதியிருக்கு.”

நான் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மருந்து கொடுத்துத் தூங்கவைத்துத் தொண்டையில் குழாய் போட்டார்கள். குழாயில் ரத்தம் ஏறியது. வென்டிலேட்டர் மூச்சை எடுத்துக்கொண்டது. சிறுநீர்ப் பையில் ஒரு தேக்கரண்டி அளவு, தேயிலைச் சாயம் போல. சிறுநீரகம் நின்றுவிட்டது, நுரையீரலில் ரத்தம் கசிகிறது. ரத்தத்தைச் சுத்திகரிக்கிற இயந்திரம் வேண்டும், அது ஈப்போவில்தான் இருக்கிறது. டாக்டர் ஹஸிக் ஈப்போ தீவிர சிகிச்சைப் பிரிவின் நிபுணர் டாக்டர் லிம்மைத் தொலைபேசியில் பிடித்தார். நாங்கள் வேலையை நிறுத்தாமல் கேட்பதற்காக ஒலிபெருக்கியில் போட்டார்.

“ஒரு கட்டில்தான் இருக்கு” என்றார் டாக்டர் லிம். “பாகான் டத்தோ பக்கத்துலேர்ந்தும் ஒருத்தருக்குக் கேக்குறாங்க. வியாழக்கிழமை காமாலை இல்ல, சனிக்கிழமை இவ்வளவு மோசம்னா, ரெண்டே நாள்ல கல்லீரல் போயிருக்கு. நாட்டு மருந்து, விஷம், ஏதாவது குடிச்சாங்களா? அப்படி இருந்தா இங்க கொண்டுவந்தும் பிழைக்கிறது கஷ்டம், டாக்டர். அந்தக் கட்டில நான் இன்னொருத்தருக்குக் குடுக்கறதுதான் நியாயம்.”

திரைச்சீலைக்கு வெளியே முருகையா நின்றுகொண்டிருந்தார். அவருடைய செருப்பு மட்டும் கீழே தெரிந்தது. என் காதில் அப்போது வென்டிலேட்டரின் சத்தம் ரொம்பத் தூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. நான் பேசியது எனக்கே தாமதமாகத்தான் கேட்டது.

“டாக்டர், வியாழக்கிழமையே மஞ்சளா இருந்தாங்க. பூசின மஞ்சள்னு நான்தான் சொன்னேன்.”

 “யாரு பேசறது?” என்றார் டாக்டர் லிம்.

“மருத்துவ உதவியாளர்.”

“அன்னைக்கு கண்ணப் பாத்தீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“இன்னும் எதையெல்லாம் வேற மாதிரி சொன்னீங்க?”

அந்தக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடையில் மீதிச் சாமான் என்ன வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டார். சொன்னேன். கண் சிவப்பைப் புகை என்றேன். கெண்டைக்கால் வலியை நடை என்றேன். செருப்பில்லாமல் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறார் என்றேன்.

“செருப்பு இல்லாமயா? எத்தன நாளா?”

“விரதம் ஆரம்பிச்சதுலேர்ந்து. ஒரு மாசத்துக்கு மேல.”

“எலிக் காய்ச்சல்” என்றார் டாக்டர் லிம்.

பழம் தின்ன எலி வரும் தோட்டம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர். கீறல் விழுந்த வெறுங்கால். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, காமாலை: பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசை மாறாமல் வியாழக்கிழமை காலை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நானோ விடையை வாயால் சொல்லிக்கொண்டே, கேள்வி வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

“அதுன்னா கல்லீரல் போகல. மத்ததெல்லாம் திரும்பி வரும், கொஞ்ச நாள் நாம தாங்கிப் பிடிச்சா. ஊசிய இப்பவே போட்டுட்டுக் கிளம்புங்க. கட்டில வச்சிருக்கேன்.”

டாக்டர் ஹஸிக் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். “எழுதினது என் கைதான், பாங்” என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

சிஸ்டர் வியாழக்கிழமை அட்டையை என் முன்னால் வைத்தார். பக்கத்தில் பேனா. ‘இல்லை’ என்ற சொல்லின் மேல் கோடு போடாமல், அதற்குக் கீழே எழுதினேன்: ‘மஞ்சள் நிறம் இருந்தது. பூசிய மஞ்சள் என்று நான் கூறினேன். கண்ணைப் பார்க்கவில்லை. நோயாளியைக் கேட்கவில்லை.’ நேரம், கையெழுத்து. நாலு வரி. என்னுடைய எழுத்துகளிலேயே திருத்தம் தேவைப்படாத ஒன்று அதுதான்.

ஆம்புலன்சில் சிஸ்டரும் நானும் ஏறினோம். டாக்டர் ஹஸிக் ஒருவர்தான் அன்றைக்கு டூட்டியில், அவர் வரமுடியாது. முருகையா முன்னால் ஓட்டுநரோடு. பீடோர் வரும்போதே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. தாப்பாவைத் தாண்டியதும் பயணத்துக்கான சின்ன வென்டிலேட்டர் இரண்டு தடவை கூவிவிட்டு நின்றுவிட்டது. பாட்டரி. சிஸ்டர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கையால் அமுக்குகிற பையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அந்தப் பைக்கு அம்பு என்று பெயர். வில் கிடையாது. ரப்பர் பலூன் மாதிரி இருக்கும். குழாயில் மாட்டி அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். பயத்தில் எல்லோரும் வேகமாக அமுக்குவார்கள். வேகமாக அமுக்கினால் காற்று வெளியே வர நேரமிருக்காது, நெஞ்சில் தங்கித் தங்கி இதயத்தை நெருக்கிவிடும். நானும் வேகமாகத்தான் ஆரம்பித்தேன். சிஸ்டர் தன் கையை என் முழங்காலில் வைத்தார். மூன்று விநாடிக்கு ஒரு தடவை விரலால் தட்டினார். தட்டு, அமுக்கு, விடு. தட்டு, அமுக்கு, விடு.

கண்ணாடியில் மழை வழிந்தது. வெளியே செம்பனை வரிசைகள், வரிசை முடிகிற இடத்தில் ஒரு விநாடி நீண்ட இருட்டுப் பாதை திறக்கும், மூடும், அடுத்த பாதை திறக்கும். அதுவும் மூச்சு விடுவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் தட்டுவதை நிறுத்திவிட்டார். நான் கவனிக்கவில்லை, கை தானே போய்க்கொண்டிருந்தது. நான் அமுக்கும்போது நானும் மூச்சை இழுக்கிறேன், விடும்போது விடுகிறேன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஆம்புலன்சில் இரண்டு பேருக்கு ஒரே மூச்சு. பை கனத்தபோது அவர் நெஞ்சில் ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று என் உள்ளங்கைக்கு முதலில் தெரிந்தது. சிஸ்டர் குழாயில் உறிஞ்சி எடுத்தார், பை மறுபடி இலேசானது. என் வாழ்நாளில் நான் பலருக்குப் பலவாக இருந்திருக்கிறேன், பெரும்பாலும் தொந்தரவாக. அந்த ஒரு மணி நேரம் ஒரு பெண்ணின் நுரையீரலாக இருந்தேன்.

“பெராப்பா?” என்றார் சிஸ்டர்.

“இருபது” என்றேன். சுமார் என்று சொல்லவில்லை.

கோப்பேங் தாண்டியபோது மழை விட்டது. சுண்ணாம்புக் குன்றுகள் பாதிக்குமேல் பனிமூட்டத்தில் இருந்தன, அடிவாரம் இல்லாமல் அந்தரத்தில் நிற்பவை போல. முன்னாலிருந்து முருகையா திரும்பி, நடுவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை நிற்கிறதா என்று பார்த்தார். கை விறைத்துப்போயிருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் இரண்டு தடவை கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அதைக் கடமையுணர்ச்சி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

ஈப்போவில் அவரை வாங்கிக்கொண்டார்கள். நான் பையைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் நின்றேன். கை விரல்கள் மடங்கி விரிந்துகொண்டே இருந்தன. முருகையா என் பக்கத்தில் வந்து நின்றார். அவரிடம் அங்கேயே சொன்னேன். வியாழக்கிழமை என்னால் தப்பாகிவிட்டது என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

“புள்ளைங்களுக்கு என்ன சொல்றது?” என்றார்.

“பிழைச்சிருவாங்கன்னு சொல்லுங்க.”

“நீங்க சொல்றீங்களா, டாக்டர் சொன்னாரா?”

நான் போய் டாக்டர் லிம்மைக் கேட்டு வந்து சொன்னேன். தெரியாது என்று சொல்லச் சொன்னார் டாக்டர். தெரியாது என்றேன். முருகையா தலையாட்டினார். அதன் பிறகு அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. பாகான் டத்தோ பக்கத்து ஆளுக்கு மறுநாள் காலையில் ஒரு கட்டில் கிடைத்ததாம். அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்பதை நான் விசாரிக்கவில்லை.

பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் நான் ஈப்போவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே சொல்லைக் கேட்பேன். முதல் நான்கு நாள் சிறுநீர் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒரு தாதி ஓர் அளவு சொன்னாள், ஒரு சின்னக் காப்பிக் கோப்பை நிறைகிற அளவு. போனை வைத்துவிட்டு சிஸ்டர் ரொக்கையாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பேரன் பிறந்த செய்தியைக்கூட மனிதர்கள் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சிஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “நாளைக்கு இரு மடங்கு வரும்” என்றார். வந்தது. தைப்பூசம் போனது தெரியவில்லை. பதினோராம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் இன்னொரு நோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கையைக் கழுவி, முகர்ந்து பார்த்துக்கொண்டு, செல்வியின் கட்டிலுக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வெளிச்சம் எந்நேரமும் ஒரே மாதிரி இருக்கும். காலையா மாலையா என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது, எல்லோரும் ஒரு பெரிய மதியத் தூக்கத்தின் உள்ளே மிதப்பது போல. செல்வி தலையணையில் சாய்ந்திருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். குழாய் இருந்த தொண்டையில் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

“ஆம்புலன்சுல கூட வந்தீங்களாமே. அவரு சொன்னாரு.”

“அவரு வேற எதுவும் சொல்லலியா?”

“இல்லியே.”

முருகையா சொல்லவில்லை. எனக்காக விட்டு வைத்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வியாழக்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். டாக்டர் காமாலையா என்று கேட்டார். நீங்கள் மஞ்சள் பூசியிருக்கிறீர்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அதனால் இரண்டு நாள் வீணாகப் போனது. அந்த இரண்டு நாளில் நீங்கள் செத்துப்போயிருக்கலாம். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நிறைய நேரமானது. வழக்கமாக நான் சுருக்கமாகப் பேசக் கஷ்டப்படுபவன். அன்றைக்குப் பேசவே கஷ்டப்பட்டேன்.

செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். 

“அன்னிக்கு நான் மஞ்சளே பூசலண்ணே” என்றார்.

“பூசலியா?”

“மூணு நாளா குளிக்கவே இல்ல. காய்ச்சல்ல எப்படி குளிக்கிறது. நடுங்குது.”

“நான் டாக்டர்கிட்ட சொன்னது உங்களுக்கு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. எனக்கும் மலாய் தெரியும்லா.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். “விரதத்துல இருந்துகிட்டு குளிக்கலன்னு எப்படிண்ணே சொல்றது, அதுவும் ஆம்பளங்க ரெண்டு பேரு முன்னாடி. வாசம் வருதோன்னு தள்ளித் தள்ளி உக்காந்தேன். நீங்க குஞ்ஞிட்டுன்னு சொன்னீங்க. அப்பாடா, அண்ணன் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன்.”

 திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருபது இல்லை, பதினெட்டுதான். அது அவருடைய சொந்த மூச்சு.

“அண்ணே.”

“சொல்லுங்க.”

“இன்னிக்காவது குளிக்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே.”

எழுந்து போனேன். அந்தப் பிரிவின் சிஸ்டர் மருந்து மேசையில் இருந்தார். கேட்டேன். இன்றைக்கு வேண்டாம், கழுத்தில் இன்னும் ஊசிக் குழாய் இருக்கிறது, ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம், நாளை மறுநாள் பார்க்கலாம் என்றார்.

திரும்பி வந்து, செல்வியின் காதருகே குனிந்து, அதை அப்படியே சொன்னேன். என் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.